ஏற்காட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு விமான ஆண்டெனா

பயணிகள் விமானம் சும்மா பறப்பதில்லை. நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன், இத்தனை அடி உயரம், இவ்வளவு வேகம் என்று 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். ஒரு செய்திக்கு 112 பிட். தொடக்கத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். இருப்பிடம் விநாடிக்கு இரண்டு முறை, வேகமும் அப்படியே, விமானத்தின் அழைப்புப் பெயர் ஐந்து விநாடிக்கு ஒரு முறை. ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. கேட்கக் காது இருந்தால் போதும்.

அந்தக் காது இப்போது மலிவு. கம்ப்யூட்டரில் டிவி பார்க்க விற்ற யூஎஸ்பி டாங்கிளுக்குள் இருக்கும் ஆர்டிஎல்2832யூ என்ற சிப்பைக் கொண்டு, அந்த டாங்கிளையே பலவித அலைவரிசைகளைக் கேட்கும் ரேடியோவாக மாற்றலாம் என்பது 2012 வாக்கில் வெளியே வந்தது. அதைக் கொண்டு விமானச் செய்திகளைப் பிரித்துப் படிக்க டம்ப்1090 என்ற நிரலை எழுதியவர் சால்வதோர் சான்ஃபிலிப்போ. ரெடிஸ் டேட்டாபேஸை உருவாக்கியவரும் அவர்தான். நான் இப்போது ஓட்டுவது அதன் வழிவந்த ரீட்எஸ்பி. ஒரு டாங்கிள், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு ஆண்டெனா. வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் வரைபடம் திறந்து விமானங்கள் நகர்வதைப் பார்க்கலாம்.

சேலத்தில் இதைச் செய்பவனுக்குக் கருவி பெரிய தொல்லை இல்லை. மலைதான் தொல்லை. என் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். மாடியில் நின்றால் வடக்கிலிருந்து வடகிழக்கு வரை சேர்வராயன் மலை சுவராக நிற்கிறது. மலை விளிம்பு என் மாடியைவிட ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், தூரம் எட்டு கிலோமீட்டர் போல. கணக்குப் போட்டால் அடிவானம் அந்தப் பக்கம் எட்டு டிகிரி மேலே ஏறிவிடுகிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம்கூட அந்தத் திசையில் எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டியதும் மலைக்குப் பின்னால் போய்விடும். தெற்கே திண்டுக்கல், மதுரைப் பக்கம் போகும் விமானமெல்லாம் பளிச்சென்று தெரியும். வடகிழக்கில் மட்டும் வரைபடத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி காலி. எத்தனை ஆயிரம் கொடுத்து டாங்கிள் வாங்கினாலும் அந்தத் துண்டு நிரம்பாது.

எங்கள் கூட்டத்தைப் பற்றி நாலு வரி. அஸ்தம்பட்டியில் ஒரு டீக்கடையில் கூடுகிறோம். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. கேபிள் டிவி நடத்தும் ஒரு அண்ணன். பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு தம்பி. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் என் பள்ளித்தோழன். கமலாபுரத்தில் இருக்கும் சேலம் ஏர்போர்ட்டுக்கு வரும் ஏடிஆர் என்ற விசிறி வைத்த பயணிகள் விமானத்தைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தால், சூலூர் தேஜஸ் போர் விமானத்தில் போய் நிற்கும். பேச்சுக்கு ஆதாரம் வேண்டும் என்றுதான் இந்த வேலையே தொடங்கியது.

முதல் ஆண்டெனா எளிமையானது. எங்கள் வட்டத்தில் சிலந்தி என்போம். 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 275 மில்லிமீட்டர். அதில் கால் பங்கு 69. ஒரு என்-டைப் பேனல் சாக்கெட், எர்த்துக்குப் போடும் 14 கேஜ் காப்பர் கம்பி ஒரு முழம். நடுமுனையில் 69 மில்லிமீட்டர் கம்பியை நேராக நிற்க வைத்து ஈயம் வைக்க வேண்டும். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் அதே நீளத்தில் நான்கு கம்பிகளை மாட்டி, கீழ்நோக்கி 45 டிகிரி சாய்க்க வேண்டும். சாய்ப்பது அழகுக்காக இல்லை. நான்கும் கிடையாக இருந்தால் ஆண்டெனாவின் மின்மறுப்பு முப்பத்தாறு ஓம் அருகில் நிற்கும். சாய்த்தால் ஐம்பதை எட்டும், ரேடியோக் கருவிகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது அதைத்தான். சாக்கெட்டின் பித்தளை உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் 25 வாட் சால்டரிங் அயன் திணறும். 60 வாட் இருந்தால் ஈயம் ஓடிப் பிடிக்கும். இல்லாவிட்டால் மேலே உருண்டையாக உட்கார்ந்துகொண்டு ஒட்டின மாதிரி நடிக்கும்.

இருநூறு ரூபாய்க்குள் முடிந்த இந்தச் சிலந்தியே தெற்கிலும் மேற்கிலும் இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் பிடித்தது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசை உயரத்துக்கும் வடிகட்டிக்கும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. தம்பிக்கு இதில் உடன்பாடு இல்லை. "அண்ணா, கோலினியர் போட்டா கெயின் கூடுமுல்ல?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

கோலினியர் என்பது கோஆக்ஸ் கேபிளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் நடுக்கம்பியை அடுத்த துண்டின் வெளிப்பின்னலோடும், வெளிப்பின்னலை நடுக்கம்பியோடும் மாற்றி மாற்றிச் சேர்ப்பது. எட்டுத் துண்டு சேர்த்தால் இரண்டு முழ நீளத்தில் ஒரு குச்சி வரும். அடிவானத்தை நோக்கிய பக்கத்தில் அதற்குக் காது கூர்மை. துண்டு ஒவ்வொன்றும் அரை அலைநீளம் இருக்க வேண்டும், ஆனால் காற்றில் அல்ல, கேபிளுக்குள். காற்றில் அரை அலை 137.5 மில்லிமீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும் என்பதால் நீளம் குறையும். எவ்வளவு குறையும் என்பது கேபிளின் உள்நுரையைப் பொறுத்தது. ஆர்ஜி-6 கேபிளுக்கு இணையத்தில் 0.82 என்கிறார்கள், 0.85 என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே துண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். எட்டுத் துண்டில் அது முப்பது மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் அது 1090-க்கான ஆண்டெனாவே இல்லை.

கேபிள் அண்ணன் கடையில் சுருள் சுருளாக ஆர்ஜி-6 கிடந்தது. அதன் மேல் அச்சிட்ட பெயரை நம்பாமல் அளந்துவிடலாம் என்றான் தம்பி. கல்லூரி லேபில் இருந்து, ஆண்டெனாவும் கேபிளும் எந்த அலைவரிசையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளக்கும் சின்ன நானோவிஎன்ஏ ஒன்றை வாங்கி வந்தான். சரியாக ஒரு மீட்டர் கேபிளை வெட்டி, ஒரு முனையைக் கருவியில் மாட்டி, மறுமுனையைத் திறந்தபடி விட வேண்டும். அலைவரிசையை மெல்ல ஏற்றிக்கொண்டு போனால், கேபிளின் நீளம் கால் அலைக்குச் சமமாகும் இடத்தில் திரையில் ஒரு பள்ளம் விழும். கேபிளுக்குள் அலை காற்றில் போலவே போனால் அந்தப் பள்ளம் 75 மெகாஹெர்ட்ஸில் விழ வேண்டும். எங்களுக்கு 62-ல் விழுந்தது. 62-ஐ 75-ஆல் வகுத்தால் 0.827. அதை 137.5-ஆல் பெருக்கினால் துண்டு நீளம் 113.7 மில்லிமீட்டர். கருவி இல்லாதவர்கள் கோலினியர் பக்கம் போக வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு அளவே காரணம்.

அடுத்தது ஈயம். தம்பி அயனைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோதே அண்ணன் சிரித்தார். "அதுல ஈயம் ஒட்டாது கண்ணு. வெளிய சுத்தியிருக்கறது அலுமினியம்." உண்மைதான். டிவிக்கு வரும் ஆர்ஜி-6-ல் பெரும்பாலும் அலுமினியப் பின்னலும் அலுமினியத் தாளும்தான். நடுக்கம்பி செம்புப் பூச்சு பூசிய எஃகு. சாதாரண ஈயம் அலுமினியத்தில் பிடிக்காது. அண்ணனின் வழி வேறு. ஒரு துண்டின் நடுக்கம்பியை அடுத்த துண்டின் பின்னலுக்கும் மேலுறைக்கும் நடுவில் செருகி இறுக்கி, மேலே டேப் சுற்றி, அதற்கு மேல் ஹீட் ஷ்ரிங்க். எஃகு கம்பி என்பதால் வளையாமல் நேராக உள்ளே இறங்கியது, அது ஒரு சௌகரியம். ஒவ்வொரு இணைப்புக்கும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தோம். நடுவும் பின்னலும் எங்காவது தொட்டுக்கொண்டால் முழுக் குச்சியும் வீண்.

மாடியில் சிலந்தியையும் கோலினியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், தூரத்து விமானங்கள் கோலினியரில் கொஞ்சம் கூடுதலாக வந்தன. கொஞ்சம்தான். தலைக்கு நேர் மேலே போகும் விமானத்தில் சிலந்தியே மேல். வடகிழக்குக் காலியிடம் இரண்டிலும் அப்படியே இருந்தது.

அதற்குள் இன்னொரு தொந்தரவு தலைகாட்டியது. ராத்திரியைவிட மாலை நேரத்தில் செய்திகள் வெகுவாகக் குறைந்தன. விமானங்கள் குறைந்ததால் இல்லை. தெருமுனையில் ஒரு செல்போன் டவர். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டவர் பேசுவது 935 முதல் 960 வரை. நம் 1090-க்குப் பக்கத்து வீடு. டாங்கிளின் ட்யூனருக்கு முன்னால் வடிகட்டி எதுவும் இல்லாததால் டவரின் முழுச் சத்தமும் உள்ளே நுழைகிறது. கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று பக்கத்து ஆள் காதில் சொல்வதைக் கேட்பது போலத்தான். சாயந்திரம் ஊரே போனில் இருக்கும்போது டவரும் முழு மூச்சில் இருக்கும்.

இதற்கு இரண்டு மருந்து. முதலாவது இலவசம்: டாங்கிளின் கெயினை, அதாவது அது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைப்பது. எல்லோரும் உச்சமான 49.6 டெசிபெல்லிலேயே வைத்திருப்பார்கள், அதிகம் வைத்தால் அதிகம் கேட்கும் என்ற நம்பிக்கையில். நான் ஏழெட்டு டெசிபெல் இறக்கியதும் விமானங்களின் எண்ணிக்கை கூடியது. வரும் செய்திகளில் நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் உச்ச அளவை முட்டிக்கொண்டிருந்தால் கெயின் அதிகம் என்று அர்த்தம். ரீட்எஸ்பியின் புள்ளிவிவரப் பக்கத்திலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. இரண்டாவது மருந்து காசு கேட்பது: 1090-ஐ மட்டும் உள்ளே விடும் சா (SAW) வடிகட்டியும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த டப்பா. அதை ஆண்டெனாவுக்குக் கீழேயே மாட்ட வேண்டும். கேபிளின் டாங்கிள் முனையில் மாட்டினால் பாதிப் பலன் போய்விடும். ஏனென்றால் ஆர்ஜி-6 கேபிள் இந்த அலைவரிசையில் பதினைந்து மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று டெசிபெல்லை, அதாவது பாதி சிக்னலைத் தின்றுவிடும். தின்ற பிறகு பெருக்கி என்ன லாபம்?

வடிகட்டி வந்த பிறகு மாலைச் சரிவு நின்றது. மலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

"மலை மறைக்குதுன்னா மலை மேலயே வெச்சிரு. எங்க தண்ணித் தொட்டி சும்மாதான நிக்குது" என்றான் எஸ்டேட் நண்பன். ஏற்காடு ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். இதற்கு ஒரு பழைய ரேடியோக் கணக்கு உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் காண வேண்டும், விமானத்தின் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் வரை அலை நேராக எட்டும் என்று கிடைக்கும். 1,500-க்கு 38.7, விமானத்தின் 11,000-க்கு 105. மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். இது காகிதக் கணக்கு. சுற்றிலும் நிலம் கடல்மட்டத்தில் இருந்தால்தான் இவ்வளவு. பெங்களூரு பக்கம் நிலமே 900 மீட்டர் உயரத்தில் கிடப்பதால் அங்கே சுருங்கும். கிழக்கே கடற்கரைச் சமவெளி, அங்கே கிட்டத்தட்ட சரியாக வரும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பைக்கின் பின்னால் ஆறடி ஜிஐ பைப்பைக் கட்டிக்கொண்டு போனோம். தொட்டி ஓட்டு வீட்டின் பின்னால், சரிவின் மேற்கு முகத்தில் நிற்கிறது. மேற்கும் தெற்கும் திறந்த வெளி. கிழக்கில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. காய்ந்த இலைகள் பரவாயில்லை. மழையில் நனைந்த இலைக்கூட்டம் 1090 மெகாஹெர்ட்ஸை நன்றாகவே உறிஞ்சும். மரத்தை வெட்டச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. பைப்பை இன்னும் மூன்றடி உயர்த்தி, மர உச்சிக்கு மேல் ஆண்டெனா எட்டிப் பார்க்கும்படி செய்தோம்.

கோலினியரைத்தான் மேலே ஏற்றினோம். தூரத்துக்கு அதுதான் சரி, அதோடு அதை ஒரு பிவிசி பைப்புக்குள் மொத்தமாக அடைத்துவிடலாம். பைப்புக்குள் போனால் ஆண்டெனா இசையும் அலைவரிசை சற்றுக் கீழே இறங்கும் என்பதால், பைப்போடு சேர்த்தே நானோவிஎன்ஏவில் பார்த்துவிட்டுத்தான் மூடியை ஒட்டினோம். அடைத்ததற்கு முக்கியக் காரணம் குரங்கு. முன்னோட்டமாகத் தொட்டி மேல் வைத்திருந்த சிலந்தியின் நான்கு கால்களையும் குரங்குகள் ஆளுக்கு ஒரு திசையில் வளைத்துவிட்டுப் போயிருந்தன. கேபிளையும் கடித்துப் பார்த்திருந்தன. இப்போது கேபிள் முழுக்க ஜிஐ பைப்புக்குள் ஓடுகிறது. பைப்பின் மேல் குரங்கு ஏறி உட்கார்ந்தால் உட்காரட்டும்.

டாங்கிளும் ராஸ்பெர்ரி பையும் தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில். அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள். யூஎஸ்பி ஒயரை நீட்டினால் ஐந்து வோல்ட் வழியிலேயே இளைத்துவிடும், பை அடிக்கடி மின்னழுத்தக் குறைவு என்று அழும். அதனால் வைஃபை ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை வீட்டுக்குள் வைத்து, 12 வோல்ட்டை மேலே அனுப்பி, பாக்ஸுக்குள் ஐந்தாகக் குறைத்துக்கொண்டோம். ஏற்காட்டில் காற்றடித்தால் கரண்ட் போகும். போகும்போதெல்லாம் மெமரி கார்டு கெட்டுப்போகாமல் இருக்க, நிரல் எழுதும் பதிவுகளெல்லாம் கார்டுக்குப் போகாமல் ராமிலேயே நிற்கும்படி அமைப்பை மாற்றினான் தம்பி.

ஓட ஆரம்பித்ததும் வடகிழக்குத் துண்டு நிரம்பியது. சென்னைக்கு இறங்கும் வரிசை, அரக்கோணம் பக்கம், வங்காள விரிகுடாவின் மேல் சிங்கப்பூர் பக்கம் போகும் பெரிய விமானங்கள். தென்கிழக்கில் யாழ்ப்பாணம் தாண்டி நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. துபாயிலிருந்து பெங்களூருக்கு வரும் எமிரேட்ஸ் ஏ380 இறங்குவதை ஐயா போனில் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய உருவம் ஒரு புள்ளியா தெரியுது" என்றார்.

மழைக்காலத்தில் ஒரு கோளாறு. செய்திகள் மெல்ல மெல்லக் குறைந்து, பனிமூட்டமான காலைகளில் வெறும் பக்கத்து விமானங்கள் மட்டும் என்ற நிலை. ஆண்டெனா, கேபிள் தொடர்ச்சி எல்லாம் மல்டிமீட்டரில் சரி. மேலே இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் அதே கோஆக்ஸ் வழியாகத்தான் டாங்கிளிலிருந்து போகிறது. கீழே அளந்தால் 4.5 வோல்ட். மேலே ஏறி, ஆம்ப்ளிஃபயரை மாட்டியபடியே அளந்தால் மூன்று வோல்ட்கூட இல்லை. சும்மா தொடர்ச்சி பார்த்தபோது தெரியாத தடை, மின்னோட்டம் ஓடும்போது தெரிந்தது. எஃப் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி. ஏற்காட்டுப் பனி நீராக இறங்கி அலுமினியப் பின்னலை அரித்திருந்தது. அரித்த அரையடியை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் ஓடு வேய்ந்தபடி மடிப்புகள் தண்ணீரை வெளியே தள்ளும். கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு, வடிகிற நீர் அங்கேயே சொட்டும்படி செய்தோம். கனெக்டரை எம்சீல் வைத்து மூடச் சொன்னவர்களும் உண்டு. மூடலாம், ஆனால் அடுத்த கோளாறுக்குக் கேபிளையே அறுக்க வேண்டியிருக்கும்.

இனி டீக்கடை விஷயம். மேற்கு முகத்தில் ஆண்டெனா வைத்ததில் எதிர்பாராத ஒரு லாபம்: கமலாபுரம் ஏர்போர்ட் அங்கிருந்து பதினாறு கிலோமீட்டரில் நேர் மேற்கே, கீழே கிடக்கிறது. விமானம் ஓடுபாதையில் உருளும்போது வேறு வகைச் செய்தி அனுப்பும்; மாடி வீட்டில் அதைப் பிடிக்கவே முடியாது. மேலே அது வருகிறது. சேலத்துக்கு வரும் ஏடிஆர் 72 இறங்கி, திரும்பி, நிற்பதுவரை பார்க்கலாம். ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். இங்கே ஏடிஆருக்குத்தான் வேலை, ஏ320-ஐ எதிர்பார்ப்பவர்கள் பாதை நீளும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தொடும் முன் கடைசியாகத் தெரிந்த உயரம் 1,100 அடிக்கு மேல். "தரையில இறங்கற விமானம் எப்படி ஆயிரத்து நூறு அடியில இருக்கும்? உங்க டப்பா பொய் சொல்லுது" என்றார் கேபிள் அண்ணன். ஐயா பதில் சொன்னார். விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மிச்ச நூறு சொச்சம், காற்றழுத்தக் கணக்கு. ஏடிஎஸ்-பி அனுப்பும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய அழுத்தம் அதற்கு ஐந்து ஹெக்டோபாஸ்கல் குறைவாக இருந்தாலே திரையில் நூற்று நாற்பது அடி கூடுதலாகக் காட்டும். விமானி அதைத் திருத்திய அளவைத்தான் தன் முன்னால் பார்க்கிறார். நமக்கு வருவது திருத்தாதது.

இன்னொரு சண்டை சத்தத்தைப் பற்றியது. ஓமலூர் பக்கம் ஒரு மதியம் சாம்பல் நிற விமானம் தாழப் போனதை எஸ்டேட் நண்பன் கீழே வந்தபோது பார்த்திருக்கிறான். ஏடிஆர் சத்தம்தான், ஆனால் பட்டாள நிறம் என்றான். விமானப்படையின் சரக்கு விமானமான ஏஎன்-32 என்றார் அண்ணன். ஐயா கேட்ட முதல் கேள்வி, "வால் எப்படி இருந்துது?" ஏடிஆருக்கு வால் டி வடிவம், கிடைச்சிறகு உச்சியில். ஏஎன்-32-க்கு எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த மாதிரி இருக்கும், சத்தமும் கரகரப்பு. நண்பன் சொன்னது கிடைச்சிறகு கீழே உடம்போடு ஒட்டி, எஞ்சின் இறக்கைக்கு அடியில், ஆறு இதழ் விசிறி. அப்படியானால் சி-295 என்றார் ஐயா. பழைய ஆவ்ரோ சரக்கு விமானங்களுக்குப் பதிலாக விமானப்படை வாங்கும் 56 விமானங்கள். முதலாவது 2023 செப்டம்பரில் ஸ்பெயினின் செவியாவில் கைமாறியது. அதன் எஞ்சினும் ஏடிஆரின் எஞ்சினும் பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ127 குடும்பம்தான். காது ஏமாந்ததில் வியப்பில்லை.

டப்பா உதவாத இடமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்களைச் சுற்றி ராணுவ விமானத் தளங்கள் நிறைய. நேர்கோட்டில் அளந்தால் சூலூர் 130 கிலோமீட்டர், தஞ்சாவூர் 150-க்குள், அரக்கோணம் 230. சூலூரில் 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸோடு மறுபடி தொடங்கப்பட்டது. தஞ்சாவூரில் அதே ஆண்டு ஜனவரியில் பிரம்மோஸ் ஏந்தும் சுகோய் 30-களுக்காக 222-ஆம் ஸ்குவாட்ரன் வந்தது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம், போயிங் 737 உடம்பில் செய்தது. ஆனால் தேஜஸோ சுகோயோ ஒரு நாளும் எங்கள் வரைபடத்தில் வந்ததில்லை. போர் விமானம் தன் இருப்பிடத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகாது. சரக்கு விமானங்கள் சில சமயம் பாதி சொல்லும்: ரேடார் கேட்கும் கேள்விக்குப் பதிலாக அடையாள எண்ணும் உயரமும் மட்டும், இருப்பிடம் கிடையாது. பட்டியலில் ஒரு வரி தெரியும், வரைபடத்தில் புள்ளி இருக்காது. அடையாள எண் 24 பிட்; பதினாறடிமானத்தில் 80 முதல் 83 வரை தொடங்கினால் இந்தியப் பதிவு என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

அந்த வரியைப் புள்ளியாக்க ஒரு வழி உண்டு. ஒரே செய்தி நான்கு ரிசீவர்களுக்கு எந்தெந்த நொடியில் வந்து சேர்ந்தது என்ற வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவது, எம்லாட். தம்பிக்கு ஆசை. நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஐயா கடுமையாகவே மறுத்தார். "அவன் சொல்ல விரும்பாததை நாம ஏன் கண்டுபிடிக்கணும்?" அதோடு கூட்டத்தில் ஒரு விதி எழுதப்படாமலே நின்றது: ராணுவ விமானத்தின் வரி கண்ணில் பட்டால் டீக்கடையில் பேசலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கும் போடக்கூடாது. வானொலிப் பேச்சு கேட்கும் வேலைக்கும் நாங்கள் போவதில்லை.

அதனால் வானத்தில் இரட்டை வெண்கோடு இழுத்துக்கொண்டு ஏதாவது போய், போனில் அந்த இடம் காலியாக இருந்தால், அன்றைக்கு டீ இரண்டாவது ரவுண்டு போகும். கோடு இரண்டு என்றால் எஞ்சின் இரண்டு, சுகோய்க்கு ஏஎல்-31 இரண்டு. தேஜஸுக்கு எஃப்404 ஒன்றுதான் என்பார் அண்ணன். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு எஞ்சினின் கோடு உயரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும், இரண்டு தனிக் கோடாகத் தெரிவது இறக்கையில் எஞ்சின் தொங்கும் பயணிகள் விமானத்துக்குத்தான், அது டாங்கிள் தவறவிட்ட ஏர்பஸ்ஸாக இருக்கும் என்பார் ஐயா. அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏற்காட்டு நிலையத்துக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜிஐ பைப்புக்குத் தனியாக எர்த் குழி தோண்டி 8 கேஜ் ஜிஐ கம்பி இறக்கியிருக்கிறோம்; கோஆக்ஸ் நுழையும் இடத்தில் ஒரு மின்னல் தடுப்பான். ஆனாலும் ஏப்ரல், மே கோடை இடிமழையில் அதையெல்லாம் நம்பி விடுவதில்லை. வானம் இருட்டினால் நண்பனின் மனைவி லேன் கேபிளையும் 12 வோல்ட் பின்னையும் பிடுங்கிவிடுகிறார். மழை விட்டதும் அவரே மாட்டுகிறார், மாட்ட மறந்தால் தம்பி போன் பண்ணுகிறான்.